டெல்லியோடு ஒப்பிட வேண்டாம்: மேடவாக்கத்துக் காற்றுக்குச் சில செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

காற்று நன்றாக இருக்கிறது என்பதற்காகவே நோயாளிகளைக் கொண்டுவந்து தங்கவைத்த வட்டாரம் இது. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் திறந்தவெளிச் சிகிச்சை நடத்திவந்த டாக்டர் சௌரி முத்து, 1928-ல் தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். காசத்துக்கு மாத்திரை வராத காலம். வெயிலும் ஓய்வும் ஊட்டமான சாப்பாடும் சுத்தமான காற்றும்தான் அப்போது மருந்து. ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. மேடவாக்கத்திலிருந்து வேளச்சேரி–தாம்பரம் சாலையில் மேற்கே போனால் அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சேரலாம். நெஞ்சு நோய்க்காரர்கள் இன்றும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

இப்போது மேடவாக்கம் கூட்டு ரோட்டில் நாம் இழுக்கும் காற்று வேறு. 2022 மே மாதம் இரண்டாவது மேம்பாலம் திறந்தார்கள். நெரிசல் ஓரளவு குறைந்தது. ஆனால் மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடம் கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. தோண்டிய மண்ணும் டிப்பர் லாரிகளும் அடுக்குமாடி வேலைகளும் சேர்ந்து, காலையில் துடைத்த மேசையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. இதைப் பேச ஆரம்பித்தாலே ஒரு பதில் தயாராக இருக்கிறது: "என்ன இருந்தாலும் நம்ம ஊரு டெல்லி மாதிரி இல்லீங்களே, கடல் காத்து அடிக்குதில்ல?"

அந்த ஆறுதலை முதலில் கைவிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். கண்ணுக்குத் தெரியும் புழுதி மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆபத்து பி.எம். 2.5 என்கிற நுண்துகளில். அதன் குறுக்களவு 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் கீழே; நம் தலைமுடியில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு. அது நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய் அழற்சியை உண்டாக்குகிறது. மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கின்றன. அதனால்தான் ஆஸ்துமாவோடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை என்று நீள்கிறது பட்டியல். வெளிக்காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது.

சென்னையிலும் டெல்லியிலும் சுமார் 12,000 பேரை 2010 முதல் 2017 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. நம் ஊர் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் அதில் உண்டு. ஆண்டு சராசரி பி.எம். 2.5 ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் சர்க்கரை நோய் வரும் அபாயம் 22 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். அந்த ஆண்டுகளில் சென்னையின் சராசரி 30 முதல் 40 வரை. இந்திய அரசின் ஆண்டு வரம்பு 40. அதாவது சட்டப்படி நம் காற்று பெரும்பாலும் 'பாஸ்'. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த வரம்பு 5.

2024-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு சென்னை உள்ளிட்ட 10 இந்திய நகரங்களில் 2008–2019 காலத்தில் நிகழ்ந்த சுமார் 36 லட்சம் மரணங்களை ஆராய்ந்தது. நுண்துகள் உலக சுகாதார நிறுவனத்தின் தினசரி வரம்பைத் தாண்டுவதால் அந்த நகரங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 33,000 பேர் இறக்கிறார்கள் என்பது அதன் கணக்கு. காற்று பரவாயில்லை என்று நினைக்கப்படும் ஊர்களிலும் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. டெல்லியை விட நாம் மேல் என்பது நுரையீரலுக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம், கீழே வரும் பட்டியல் முழுவதற்கும் அடிப்படையானது. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் 1981-ல் குஜராத் கிராமத்து அடுப்படிகளில் புகையை அளக்கத் தொடங்கியவர். பின்னாளில் போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவோடு நெடுங்காலம் சேர்ந்து உழைத்தவர். வெளியே விடப்படும் ஒரு கிராம் புகையை விட வீட்டுக்குள் விடப்படும் ஒரு கிராம் மனித நுரையீரலைச் சேர ஆயிரம் மடங்கு வாய்ப்பு அதிகம் என்று அவர் சொன்னார். எவ்வளவு புகை என்பதைப் போலவே, மூக்குக்கு எவ்வளவு பக்கத்தில் புகை என்பதும் முக்கியம். அதனால்தான் மெட்ரோ வேலை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நம் தெருவில், நம் வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது.

செய்யக்கூடாதவை

குப்பையை எரிக்கவே கூடாது. முதலிடத்தில் இதை வைக்கிறேன், ஏனென்றால் இது முழுக்க நம் கையில் இருக்கிறது. காலையில் பெருக்கிக் கூட்டிய இலைச்சருகு, அதோடு பால் கவர், பிஸ்கட் உறை, தெர்மாகோல் தட்டு, மேலே ஒரு தீக்குச்சி. அரை மணி நேரம் கனிந்து கனிந்து புகையும். அந்தப் புகை முதல் மாடி ஜன்னல் உயரத்தில்தான் நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு கைக்குழந்தையோ நெஞ்சுச் சளியோடு ஒரு பெரியவரோ இருப்பார். 2021-ல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் டெல்லிப் புகைமூட்டத்தை ஆராய்ந்து எழுதினார்கள். பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதாலும் சில தொழிற்சாலைகளாலும் வெளிவரும் குளோரின் சேர்மம் காற்றின் ஈரத்தை இழுத்துத் துகளைப் பருக்கவைக்கிறது என்பது அதன் சாரம். ஈரத்துக்கு நம் ஊரில் என்றைக்குமே பஞ்சமில்லை.

எரிப்பவர் பெரும்பாலும் வாட்ச்மேனாகவோ துப்புரவு அம்மாவாகவோ இருப்பார். அவர்களைச் சத்தம்போட்டுப் பயனில்லை. குப்பை வண்டி வராவிட்டால் அவர்கள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? "அண்ணே, இலையைத் தனியாப் போடுங்க, மத்ததை மூட்டையில கட்டி வைங்க, வண்டிக்கு நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வண்டிக்குச் சொல்லுங்கள். இலைக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்பி வலைக் கூண்டு போதும். தண்ணீர் தெளித்துவிட்டால் சில மாதத்தில் உரமாகும். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் அபராதம் வைத்திருக்கிறது என்பதையும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பெருங்குடி குப்பை மேடு 2022 ஏப்ரல் கடைசியில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும் கண் எரிந்தது. அவ்வளவு பெரிய தீயை நம்மால் அணைக்க முடியாது. தெருமுனைத் தீயை ஒரு வாளித் தண்ணீர் அணைக்கும்.

போகிக்கு டயர், டியூப், பிளாஸ்டிக், ரெக்ஸின், பெயின்ட் அடித்த மரம் எதையும் நெருப்பில் போடாதீர்கள். மார்கழிக் கடைசியில் விடியற்காலைக் காற்று தரையோடு ஒட்டி நிற்கும். குளிர்ந்த அடுக்கு கீழே, வெதுவெதுப்பான அடுக்கு மேலே மூடிபோல. எழும்பும் புகைக்குப் போக வழியில்லை. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பழைய பாயும் துடைப்பமும் கோணியும் எரித்த பண்டிகை அது. கிழிந்த துணியைப் பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுத்து, பழைய செருப்பைக் குப்பை வண்டியில் போட்டாலும் பழையன கழிந்துவிடும்.

தீபாவளிக்கு வெடி வெடிக்கக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அனுமதிக்கப்பட்ட நேரத்தைத் தாண்டாதீர்கள். மறுநாள் வெடிக் காகிதத்தைக் குவித்துக் கொளுத்துவதும் வேண்டாம். வெடிக்காத மருந்து உள்ளே இருக்கும்.

கொசுவத்திச் சுருளை மூடிய அறைக்குள் கொளுத்திவிட்டுத் தூங்காதீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்புக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கொசுவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, டெங்கு இருக்கிறது. ஆனால் ஒரு சுருள் முழுக்க எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்கு நுண்துகளை விடுகிறது என்று 2003-லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். சிகரெட் வாடையே ஆகாது என்கிற வீட்டில் குழந்தையின் கட்டிலுக்குக் கீழே அதை வைக்கிறோம். கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணியும் ஊதுபத்தியும் இதே கணக்குதான். வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஏற்றினால் கதவைத் திறந்து வையுங்கள், வீசிங் இருக்கும் பிள்ளையை அந்த நேரத்துக்கு வேறு அறைக்கு அனுப்புங்கள்.

டைல்ஸ், கிரானைட், கான்கிரீட் எதையும் தண்ணீர் விடாமல் அறுக்க விடாதீர்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வீட்டில் இந்த வேலை நடக்கிறது. கையில் பிடிக்கும் கட்டிங் மெஷின் சுழலும். வெள்ளை மாவு இரண்டாள் உயரத்துக்கு எழும்பும். அறுப்பவர் ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கண்ணைச் சுருக்கிக் குனிந்திருப்பார். அந்த மாவில் சிலிக்கா இருக்கிறது. எம்-சாண்டிலும் இருக்கிறது. அது நுரையீரலில் தழும்பு விழச் செய்வதுதான் சிலிகோசிஸ். வந்துவிட்டால் திரும்பாது, காசநோய் பிடிக்கும் வாய்ப்பும் அதனால் கூடும். திரிசூலம், பல்லாவரம் பக்கம் கல்குவாரியில் வேலை பார்த்த தலைமுறை இந்தத் தூசியோடுதான் வாழ்ந்தது. அறுக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் பாட்டிலில் துளைபோட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் தூசி சேறாகக் கீழே விழுந்துவிடும். உங்கள் வீட்டு வேலையென்றால் மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசி, அந்த ஓர் ஆளின் கூலியையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

காய்ந்த துடைப்பத்தால் வீசிப் பெருக்காதீர்கள். வீட்டுக்குள் ஈரத்துணி, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குவது நம் பாட்டிமார் வழக்கம்தான்.

மேம்பாலத்து அடியிலும் மெயின் ரோட்டு ஓரமாகவும் வாக்கிங் போகாதீர்கள். உடற்பயிற்சி செய்யும்போது மூச்சு பல மடங்கு ஆழமாகப் போகும். துகளும் கூடவே போகும். ஒரு தெரு உள்ளே தள்ளி நடந்தாலே வித்தியாசம் உண்டு. குளிர்மாதங்களில் விடியலுக்கு முந்தைய நேரத்தைத் தவிர்த்து, வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு போகலாம். இதற்காக நடப்பதையே நிறுத்திவிடக் கூடாது.

கைக்குட்டை, துப்பட்டா, மெல்லிய துணி மாஸ்க் இவற்றை நம்பாதீர்கள். நுண்துகளுக்கு என்-95 தான், அதுவும் கன்னத்தில் இடைவெளி இல்லாமல் அழுந்தியிருந்தால்.

இன்ஹேலரை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். "பஃப் அடிச்சா பழகிடும்" என்ற பேச்சு எத்தனையோ பிள்ளைகளை ராத்திரி நேரத்தில் நெபுலைசருக்கு ஓடவைத்திருக்கிறது. தினசரி போடச் சொன்ன தடுப்பு இன்ஹேலர் வேறு, இழுப்பு வரும்போது போடுவது வேறு. எது எதற்கு என்று டாக்டரிடம் கேட்டு டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஸ்பேசர் என்ற இணைப்புக் குழல் இல்லாமல் கொடுத்தால் மருந்தில் பெரும்பகுதி வாயிலேயே தங்கிவிடும்.

செய்ய வேண்டியவை

காற்றுத் தரத்தைப் பாருங்கள், ஆனால் எந்த அளவுகோல் என்று தெரிந்து பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் செயலி 'சமீர்'. நமக்குப் பக்கத்தில் வேளச்சேரி, பெருங்குடி, ஆலந்தூர் நிலையங்களின் எண் அதில் வரும். நம் நாட்டுக் கணக்கில் பி.எம். 2.5 நாள் சராசரி 60 வரை 'திருப்தி'. அதே 60 மைக்ரோகிராம் அமெரிக்க அளவுகோலைப் பின்பற்றும் செயலியில் குறியீடு 150-ஐத் தாண்டிச் சிவப்பாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் நாள் வரம்பு 15. எண் பச்சையாக இருப்பதால் உங்கள் தெருமுனையில் புகையும் குப்பை பச்சையாகிவிடாது. நிலையம் ஊர்க்காற்றைச் சொல்லும். மூக்கருகில் நடப்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளைப் புகையிலிருந்து தள்ளி வையுங்கள். கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டின் நகர, கிராமப் பகுதிகளில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து, 2018-ல் முடிவை வெளியிட்டது. கர்ப்ப காலத்தில் பி.எம். 2.5 பத்து மைக்ரோகிராம் கூடும்போது பிறக்கும் குழந்தையின் எடை 4 கிராம் குறைகிறது, எடை குறைந்த பிறப்புகள் 2 சதவீதம் கூடுகின்றன. நாலு கிராம்தானே என்று தோன்றும். விறகடுப்பு வீட்டுக்கும் கேஸ் வீட்டுக்கும் வித்தியாசம் பத்து மைக்ரோகிராமோடு நிற்பதில்லை. இதே கேள்வியோடு இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. இங்கே விழுப்புரமும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். புகை வெகுவாகக் குறைந்தது, ஆனால் குழந்தை எடையில் சொல்லத்தக்க வேறுபாடு வரவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது. அடுப்பு மாறியபோது அந்தப் பெண்கள் ஏற்கெனவே சில மாதக் கர்ப்பிணிகள். கேஸ் பயனில்லை என்று நான் இதைப் படிக்கவில்லை. புதுமணத் தம்பதிக்கு வீடு பார்க்கும்போதே புகையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று படிக்கிறேன்.

கட்டட வேலை நடந்தால் பச்சை வலை கட்டுங்கள், மணல் குவியலைத் தார்ப்பாயால் மூடுங்கள், காலையும் மாலையும் தண்ணீர் அடியுங்கள். எம்-சாண்டைத் தெருவில் கொட்டி வாரக்கணக்கில் வைத்தால் ஒவ்வொரு பைக்கும் அதைக் கிளப்பிக்கொண்டே போகும். தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிகள் சென்ட்ரிங் பலகைத் துண்டை எரித்துச் சமைக்கிறார்களா என்று பாருங்கள். ஆயிரம் மடங்குக் கணக்கு அவர்களுக்கும்தான். சிறிய சிலிண்டரும் அடுப்பும் வாங்கிக் கொடுப்பது கட்டடச் செலவில் ஒரு பொருட்டே இல்லை. ஜன்னல் இல்லாத கொட்டகை என்றால் அடுப்பை வெளியில் வைக்கச் சொல்லுங்கள்.

சாலையோரம் மண் வாரும் தூய்மைப் பணியாளர்களுக்கு என்-95 கேளுங்கள். மேம்பாலத்து ஓரத்தில் விடியற்காலை அவர்கள் துடைப்பம் வீசும்போது லாரி கடந்தால் முழு உருவமும் புழுதியில் மறைந்துபோகிறது. முகத்தில் இருப்பது புடவைத் தலைப்பு மட்டும். ஒப்பந்ததாரர் கொடுக்க வேண்டியதை அவர்களே கேட்டால் வேலைக்கு ஆபத்து. குடியிருப்போர் கேட்டால் அந்தப் பயம் இல்லை.

சமைக்கும்போது எக்சாஸ்ட் ஃபேனைத் தாளிப்பதற்கு முன்பே போடுங்கள், முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும். வறுவல் நாளில் மூடிய அடுக்களைக் காற்று தெருக்காற்றை விட மோசமாகும்.

பள்ளி வாசலில் வண்டி இன்ஜினை அணையுங்கள். வேனின் புகை யூ.கே.ஜி. பிள்ளையின் முகத்துக்கு மிகப் பக்கத்தில் வெளிவருகிறது. புகைச் சான்றிதழை உண்மையாகவே சோதித்து வாங்குங்கள்.

வீட்டில் நாள்பட்ட நெஞ்சு நோய்க்காரர் இருந்தால் மட்டும் ஏர் பியூரிஃபையருக்குச் செலவு செய்யலாம். ஹெபா வடிகட்டி உள்ளதா, அறையின் அளவுக்குப் போதுமா என்று பாருங்கள். ஓசோன் விடும் வகை வேண்டாம். செடி வைத்தால் துகள் போய்விடும் என்பது விளம்பரம்.

நாற்பதைக் கடந்தவர்கள் சர்க்கரையும் பிரஷரும் ஆண்டுக்கொருமுறை பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாடி ஏறினால் முன்பு இல்லாத மூச்சுவாங்கல் என்றால் "டஸ்ட் அலர்ஜி" என்று நீங்களே முடிவுகட்டாமல் சானடோரியம் நெஞ்சக மருத்துவமனைக்குப் போய் ஊதிப்பார்க்கும் சோதனையும் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் 108.

புகார் கொடுங்கள், எழுத்தில் கொடுங்கள். முதல்வர் உதவி எண் 1100-ல் பதிவுசெய்தால் மனு எண் கிடைக்கும். அதை வைத்துத் தொடரலாம். "எங்க ஏரியாவுல ஒரே தூசி" என்று எழுதினால் யாருக்கும் வேலையில்லை. எந்தத் தெரு, எந்தக் கம்பத்துக்கு எதிரே, எந்த நாள், எத்தனை மணிக்கு, எரிந்தது என்ன, வேலைத்தளமென்றால் வலை இல்லையா, தண்ணீர் அடிக்கவில்லையா, லாரியென்றால் தார்ப்பாய் மூடவில்லையா என்று எழுதி, நேரம் தெரியும் படத்தைச் சேருங்கள். தனித்தனியாக ஐந்து வீட்டார் ஒரே இடத்தைப் பற்றி எழுதினால் இன்னும் நல்லது. அதோடு ஒரு கோரிக்கையையும் சேர்த்துவிடுங்கள்: இவ்வளவு பேர் குடியிருக்கும், இவ்வளவு வேலை நடக்கும் மேடவாக்கம் சந்திப்பில் காற்றைத் தொடர்ந்து அளக்கும் நிலையம் ஒன்று வைக்க வேண்டும், வேளச்சேரியின் எண்ணை வைத்து எங்கள் காற்றைக் கணிக்க வேண்டாம் என்று.